முழு மனச் சம்மதம்

மாமியார் படுக்கை விரிப்பை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்திருந்தாள், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல. கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் அதை விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த பழுப்புக் கறையைத் தன் மகளுக்குக் காட்டினாள்.

"பார்த்தியா? இந்த மாசத்துல இது மூணாவது. ஒரு பொம்பளைக்கு மாசத்துக்கு மூணு தடவையா வரும்? நீயும் ரெண்டு பெத்தவதானே, சொல்லு."

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். விரிப்பில் நாற்றம் ஒன்றும் இல்லை. பொத்திக்கொள்ள வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தோன்றியது, பொத்திக்கொண்டாள்.

மருமகள் ஈரத் தலையோடு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். குளிக்கப் போகுமுன் அந்த விரிப்பை மடித்து வாளிக்குள் அமுக்கி, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டுத்தான் போயிருந்தாள். துண்டை விலக்கி, வாளியைக் கிளறி எடுத்திருக்கிறார்கள். கறை அருவருப்பாம், கிளறிய கை மட்டும் சுத்தமாம்.

"குடுங்க அத்தை, அலசிடறேன்."

"அலசு, அலசு. ஆஸ்பத்திரி அழுக்கெல்லாம் அலசறவதானே நீ. இந்த வீட்டுக்கு ஒரு குழந்தைத் துணி அலசக் கொடுத்து வைக்கல எனக்கு."

சாப்பாட்டு மேஜையில் கணவன் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். நனைந்த பாதி உடைந்து தேநீருக்குள் விழுந்தது. அதைக் கரண்டியால் மீட்கும் வேலையில் அவன் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கை மனைவி பக்கம் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சரியான கல்லுளிமங்கன். அம்மா கத்தும்போதெல்லாம் அவனுக்குத் திடீரென்று காது அடைத்துக்கொள்ளும்.

கல்யாணமாகி இரண்டு வருடம். போன வருடம் மருமகளுக்கு ஐந்து மாதம் தொடர்ந்து விலக்கு வரவில்லை. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எட்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். குனியாதே, நிமிராதே, நான் எடுத்துத் தர்றேன் என்று ராஜ உபசாரம். உடம்பு வேறு பூசினாற்போல் ஆகியிருந்தது. கடைசியில் லேடி டாக்டரிடம் கூட்டிப் போனால், "வயித்துல ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மருமகள் பொய்க்காரி. பூசின உடம்புக்கும் வேறு விளக்கம் கிடைத்தது: தின்னு தின்னு ஊதிப்போனவள். இந்த மாதம் ரத்தம் திரும்ப ஆரம்பித்ததும், அதோடு சீக்குக்காரியும் ஆனாள்.

நாத்தனார் ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்பவள். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பவள்.

"அம்மா, கத்தி என்ன ஆகப்போகுது? வர்ற ஞாயித்துக்கிழமை நான் பேப்பர் தயார் பண்ணிக் கொண்டு வர்றேன். தனக்குக் குறை இருக்கு, அதனால தானாவே விலகிக்கறேன்னு அவ எழுதிக் கொடுத்துட்டா யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. தம்பிக்கு வயசு போகுதில்ல?" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, ரொம்ப நல்ல குரலில், "உனக்கும் அதுதாம்மா மரியாதை" என்றாள்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் கரண்டியில் வந்த பிஸ்கட் கூழை வாயில் போட்டுக்கொண்டு, "டைம் ஆச்சு, வண்டி எடுக்கணும்" என்று எழுந்து போனான்.

விலகிக்கொள்வதென்றால் எங்கே போவது? அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் இரண்டே அறை, நான்கு பிள்ளைகள், அண்ணி முகம் ஒரு பக்கம். பிறந்த வீடு என்று வாயால் சொல்லலாம், பாய் விரிக்க இடம் இல்லை. மருமகள் விரிப்பை வாங்கி அலசிப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். தலை விண்ணென்று தெறித்தது. அதுவும் ஒரு வருடமாகப் பழகிப்போன வலிதான்.

அவள் வேலை செய்தது பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைக் கூடத்தில். காண்டிராக்டர் ஒருவர் எடுத்து நடத்தினார். கணவன் அதே காண்டிராக்டரின் வண்டி டிரைவர். கல்யாணமான மூன்றாம் மாதமே மனைவியை அங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். பன்னிரண்டு பெண்கள் துணி பிரிப்பார்கள், அலசுவார்கள். நான்கு ஆண்கள் இஸ்திரி போடுவார்கள். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வரும் மூட்டையை அவிழ்த்து, ரத்தம் தனி, மலமூத்திரம் தனி, வெறும் அழுக்கு தனி என்று பிரிக்க வேண்டும். ரத்தம் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். தெரியாத்தனமாக வெந்நீரில் போட்டால் கறை சாகும்வரை போகாது. பிரசவ வார்டு விரிப்பு எது, விபத்து வார்டு விரிப்பு எது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரியும். சீழ், வாந்தி, குடல் அழுக்கு எல்லாம் அந்தக் கை வழியாகப் போகும். இரண்டு வருடத்தில் அவள் ஒரு நாள்கூடக் குமட்டியதில்லை.

டாக்டர், நர்ஸ் கோட்டுகளுக்கு இன்னொரு சடங்கு உண்டு. ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் போட வேண்டும். ஒருமுறை ஒற்றைப் பேனா நாற்பது கோட்டுகளை நீலமாக்கிவிட்டது. அன்றிலிருந்து பை பார்ப்பதற்கென்று ஒரு ஆள். பன்னிரண்டு பேரில் தடங்கல் இல்லாமல் வாசிப்பவள் மருமகள் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை அவளுக்கு வந்தது. கிடைக்கிற சீட்டுகளை உரக்க வாசித்துக் காட்டுவாள். காதல் கடிதம் வந்த நாளில் கூடமே களைகட்டும். அங்கே அவள் பேர் வாத்தி.

அன்று வியாழக்கிழமை. கூடத்துப் பெண்களுக்கு ஊசி போட வரும் நர்ஸின் கோட்டுப் பையிலிருந்து தட்டையாக நசுங்கிய ஒரு சிறிய அட்டைப் பெட்டி வந்தது. ஊதா நிறக் கோடு போட்டது. அதை அவள் பார்த்திருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சூப்பர்வைசர் பெண்களை வரிசையில் நிறுத்துவார். "அழுக்குல புழங்கற கை. சீக்கு தொத்தாம இருக்கத்தான் இந்த ஊசி. எல்லாம் காண்டிராக்டர் செலவு" என்பார். நர்ஸ் ஊதாக் கோடு போட்ட பெட்டியைத் திறந்து, பால் போன்ற மருந்துப் புட்டியை நன்றாகக் குலுக்கி, கையில் குத்திவிட்டுப் போய்விடுவாள். பேச்சே கிடையாது. ஒருமுறை இஸ்திரிக்காரர் ஒருவர், "எங்களுக்கு ஊசி இல்லையா சார்? நாங்களும் இதே துணியத்தானே தொடறோம்?" என்று கேட்டார். "உங்களுக்கெல்லாம் தொத்தாதுய்யா" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். அதை நினைத்தால் பிறகு அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

பெட்டிக்குள் மடித்து மடித்து வைத்த ஒரு காகிதம் இருந்தது. பிரித்தாள்.

"என்ன வாத்தி, லவ் லெட்டரா?" என்றாள் பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்த உசரக்கா. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, மூன்று பிள்ளைக்காரி, கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவள்.

மருமகள் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முதல் தடவை மனசுக்குள் வாசித்தாள். இரண்டாவது தடவை வாய்விட்டு வாசித்தாள், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி.

"பெண்களுக்கான கருத்தடை ஊசி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். போடுமுன் நன்கு குலுக்கவும். முதல் சில மாதங்கள் நாள் தவறி ரத்தப்போக்கு ஏற்படலாம். பிறகு மாதவிலக்கு முழுவதும் நின்றுபோகலாம். இது கர்ப்பம் அல்ல. உடல் எடை கூடலாம். தலைவலி, மனச்சோர்வு வரலாம். ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்க ஓராண்டு வரை ஆகலாம். இவை அனைத்தையும் ஊசி போடுவதற்கு முன் பெண்ணிடம் விளக்கிச் சொல்லவும்."

துணி பிரிக்கும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

இரண்டு வருடமாக அவள் உடம்பு செய்ததையெல்லாம் யாரோ முன்கூட்டியே அச்சடித்து, மடித்து, பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தெருவுக்கே தெரிந்த அந்த ஐந்து மாதம் இதில் இருந்தது. தின்று ஊதியதாகச் சொன்ன உடம்பு இருந்தது. இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிய கறையும் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

"அடிப்பாவி!" என்றாள் உசரக்கா. "இது எனக்குத் தெரியும்டி. ரெண்டாவது பொறந்ததுக்கப்புறம் நானே தேடிப் போய் ரெண்டு வருஷம் போட்டுக்கிட்டது. எனக்கு அந்த சிஸ்டர் உக்கார வெச்சு எல்லாம் சொன்னாங்க. ரத்தம் படும், பயப்படாதே, அப்புறம் நின்னுடும், வேணாம்னா விட்டுடு, திரும்ப உண்டாக நாளாகும்னு. அந்த ஊசியாலதான் நான் மூச்சு விட்டேன். ஆனா இங்க அந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, 'உனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, உனக்கு இது வேணாம்'னு அனுப்பிட்டான். சீக்கு தொத்தறதுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்னு என் மரமண்டைக்கு அன்னிக்கே எட்டலையே!"

"எனக்குமா அக்கா?" என்று கேட்டாள் ஆறு மாதத்துக்கு முன் கல்யாணமான சின்னப் பெண் சுருட்டை. அவளுக்கு இரண்டு ஊசி ஆகியிருந்தது.

மருமகள் காகிதத்தைக் கீழே வைத்தாள். சீழுக்கும் மலத்துக்கும் அசையாத வயிறு அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் புரண்டது. சாக்கடை ஓரமாய்ப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். உசரக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தப் பக்கம் போன இஸ்திரிக்காரர், விஷயம் தெரியாமல், முகம் மலர்ந்து கேட்டார்: "என்ன வாத்தி, விசேஷமா?"

மத்தியான இடைவேளையில் மருமகள் ஊசி நர்ஸின் அறைக்குப் போனாள். துவைத்து மடித்த கோட்டை மேஜையில் வைத்தாள். அதன் மேல் காகிதத்தை வைத்தாள். நர்ஸ் ஐம்பதை நெருங்கும் பெண். கால் வீக்கத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். காகிதத்தைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"இதைத்தான் எனக்கு ஏழு தடவை போட்டீங்களா சிஸ்டர்?"

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"சீக்கு தொத்தாம இருக்கன்னு சொன்னாங்க."

"அது உங்க சூப்பர்வைசர் சொல்லியிருப்பார். நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"நீங்க எதுவுமே சொல்லல சிஸ்டர்."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு நாளைக்கு எண்பது பேருக்குக் குத்தறேன். ஒவ்வொருத்திகிட்டயும் உக்காந்து கதை பேச முடியுமா? பாரம்ல கையெழுத்து இருந்தா போட்டுடுவேன். உன் பாரமும் சரியாத்தான் இருந்துச்சு." அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினாள். "இதோ பார். வீட்டுக்காரர் கையெழுத்து. நீயும் ரேகை வெச்சிருக்கே."

பாரத்தில் அச்செழுத்தில் இருந்தது: 'ஊசியைப் பற்றியும் பக்க விளைவுகளைப் பற்றியும் அறிந்து, முழு மனச் சம்மதத்துடன் போட்டுக்கொள்கிறேன்.' கணவர் கையொப்பம் என்ற இடத்தில் அவனுடைய சாய்ந்த கையெழுத்து. பெண்ணின் கையொப்பம் என்ற இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பெரிய, அகலமான ரேகை.

மருமகள் தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். பாதிகூட இல்லை.

"நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ சிஸ்டர். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்."

நர்ஸ் அந்த ரேகையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் கெட்டவர்கள் சொற்பப் பேர்தான். பாரம் சரியாக இருந்தால் போதும் என்கிறவர்களை வைத்துத்தான் அவர்கள் காரியம் நடக்கிறது.

"காண்டிராக்டர், வேலைக்கு வர்ற பொண்ணுங்க வயித்தத் தள்ளிக்கிட்டு லீவு கேட்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கார்" என்றாள் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. "வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"இப்ப எனக்கு ஏன் மறுபடி ரத்தம் படுது?"

"போன மாசம் நான் லீவுல இருந்தேன் இல்ல? உன் ஊசி மூணு வாரம் தள்ளிப்போச்சு. அதான். வர்ற திங்கட்கிழமை போடணும். எதுக்கும் லேடி டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடு."

"இந்தப் பாரம் எனக்கு வேணும்."

"அதெல்லாம் வெளியில தரக் கூடாதும்மா." நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கோப்பை மூடாமல் மேஜையிலேயே விட்டாள். கதவருகே போய், திரும்பாமலே சொன்னாள்: "நான் டீ குடிச்சிட்டு வர்றேன். ஜெராக்ஸ் மிஷின் அந்த மூலையில இருக்கு. பச்சைப் பட்டன்."

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சொன்ன நேரத்துக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து மடிப்புக் கலையாத தாளை எடுத்தாள். கூடத்தில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் ஓரத்தில், தொலைக்காட்சியில் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். மருமகள் நின்றாள். நிற்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

நாத்தனார் வாசித்தாள்: "எனக்குப் பிள்ளை பெறும் தகுதி இல்லை என்பதை நான் அறிந்துகொண்டேன். ஆகவே யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனச் சம்மதத்துடன் என் கணவரை விட்டு விலகிக்கொள்கிறேன்."

"நல்லாதான் எழுதியிருக்கே" என்றாள் மாமியார். "கையெழுத்துப் போடும்மா. உன்னை யாரும் அடிச்சு விரட்டலை."

மருமகள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"முழு மனச் சம்மதம்னு போட்டிருக்கீங்க அண்ணி. இதே வார்த்தை இன்னொரு பேப்பர்லயும் இருக்கு. முதல்ல அதைப் படிச்சிடுங்க, அப்புறம் நான் போடறேன்."

மடித்து வைத்திருந்த நகலை மாமியாரிடம் நீட்டினாள். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகனிடம் கொடுத்தாள். "என்னடா இது? படி."

அவன் பார்த்தான். அவன் காது நுனி சிவந்தது.

"படிடா."

"கண்ணாடி இல்லம்மா" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் கண்ணாடி போட்டவன் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவனுக்கு அந்த நேரத்தில் சோறும் கிடைக்கவில்லை. நாத்தனார் தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். வக்கீல் ஆபீஸ் குரலில் கணீரென்று ஆரம்பித்தவள், இரண்டாவது வரியில் குரல் இறங்கி, மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

"தம்பி, இது உன் கையெழுத்துடா."

"அந்தக் கட்டைவிரல் ரேகையும் அவரோடதுதான் அண்ணி" என்றாள் மருமகள். "நான் ரேகை வைக்கிறவ இல்ல."

"சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார்" என்று அவன் மென்று முழுங்கினான். "நீ அப்ப உள்ள வேலையில இருந்தே. இதுக்காக உன்னை எதுக்குக் கூப்பிடணும்னு... ஒரு ரெண்டு வருஷம் வேலை பார்த்தா நமக்குத்தானே நல்லது. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"என்னடி ஊசி? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றாள் மாமியார்.

மருமகள் சொன்னாள். சீக்கு தொத்தாமல் இருக்க என்று சொல்லி ஏழு தடவை போட்டதைச் சொன்னாள். அந்த ஊசியால்தான் ஐந்து மாதம் விலக்கு நின்றது, அந்த ஊசியால்தான் உடம்பு பருத்தது, தலை வலித்தது, விரிப்பில் கறை பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜன்னல் வெளிச்சத்தில் கறையைக் காட்டினார்களே, அதே நிதானத்தோடு சொன்னாள். "இவருக்கு எல்லாம் தெரியும் அத்தை. நீங்க என்னை மலடி, மலடின்னு சொன்ன ஒவ்வொரு நாளும் இவர் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தார்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் அந்தப் பிள்ளை பிறக்கவே வழியில்லாமல் செய்துவிட்டு, காலித் தொட்டிலைக் காட்டிப் பெண்டாட்டியைத் திட்டவும் விட்டவன்.

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள். மருமகளுக்கு அந்த ஒரு நொடியில், வெட்கம்கெட்டுப் போய், ஒரு நப்பாசை. என்ன இருந்தாலும் அவளும் பெண்தானே, ஓங்கி ஒரு அறை விடுவாள் என்று.

"ஏண்டா" என்றாள் மாமியார், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். குற்றப்பத்திரிகை முடிந்தது. அடுத்த நிமிடம் கிழவியின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று.

"அப்ப இவளுக்குக் குறை ஒண்ணும் இல்ல! அதச் சொல்லு முதல்ல. ஊசியை நிறுத்திட்டா ஆச்சு. ஐயோ, என் ராசாத்தி, ஏன் நின்னுட்டிருக்கே? உக்காரு." எழுந்து வந்து மருமகளின் தோளை அமுக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்தக் கையாலேயே அவள் வயிற்றைத் தடவினாள். "நல்ல நெலந்தான். நாமதான் கரம்பாப் போட்டு வெச்சிருந்தோம்."

கணவனுக்கும் உயிர் வந்தது. "நாளைக்கே ஊசிய நிறுத்திடலாம்" என்றான், அசடு வழிந்துகொண்டு. அவன்தான் ஏதோ வரம் கொடுப்பவன் போல.

நாத்தனார் விலகல் பத்திரத்தைக் கிழிக்கவில்லை. மடிப்புக் கலையாமல் திரும்ப உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்தாள். ஒரு வருடம் பார்க்கலாம். தேவைப்பட்டால் தேதியை மட்டும் மாற்றினால் போதும். யாரும் மருமகளிடம், தெரியாமல் சொல்லிவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவளுக்கு நல்ல செய்தி வந்திருக்கிறது. அவள்தான் சந்தோஷப்பட வேண்டும்.

மருமகள் வயிற்றின் மேலிருந்த கையை எடுத்து, கிழவியின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் கை பட்ட இடம் அவளுக்குப் பிசுபிசுத்தது. மலடி என்று திட்டியபோதுகூட இப்படிக் குமட்டவில்லை. குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீரை இடுப்பிலிருந்து ஊற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஊசி நர்ஸின் அறை வாசலில் சலவைக் கூடத்துப் பெண்கள் ஒன்பது பேர் நின்றார்கள். உசரக்கா காவலுக்கு. சூப்பர்வைசர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "என்னய்யா பாக்கறே? உனக்கெல்லாம் தொத்தாது, போ" என்றாள் உசரக்கா. போய்விட்டார்.

சுருட்டை உள்ளே போய், தனக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்தாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "எனக்கு இது இருக்கட்டும் சிஸ்டர், ஆனா என்னைக் கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். கடைசியில் மருமகள் உட்கார்ந்தாள். காலையிலேயே லேடி டாக்டரிடம் காட்டி, கர்ப்பம் இல்லை என்று சீட்டு வாங்கி வந்திருந்தாள்.

"உன்னுதை நிறுத்தினதா எழுதிடட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல. போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல இருக்கிறதை எல்லாம் எனக்குச் சொல்லுங்க. முதல்லேருந்து."

"நீதான் படிச்சிட்டியேம்மா."

"நீங்க சொல்லணும்."

நர்ஸ் சொன்னாள். ரத்தப்போக்கு, எடை, தலைவலி, எலும்பு பலவீனப்படுவது, பிறகு நாளாவது, வேறு என்ன வழிகள் உண்டு என்பது எல்லாம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக இல்லாத பத்து நிமிடம்.

உசரக்கா மருமகளின் காதோரம் குனிந்தாள். "தலைவலி படுத்துதுன்னியேடி. நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன் அக்கா. ஒரே அறையிலதான் படுக்கணும். எனக்கு வேணாம்னு சொன்னா அந்த வீட்டுல யார் கேட்கப் போறாங்க? தனியா ஒரு அறை வாடகைக்குப் பார்க்க எனக்கு மூணு மாசம் வேணும். அதுவரைக்கும் அந்த வீட்டுப் பிள்ளை என் வயித்துல வரக் கூடாது. வந்தா அப்புறம் என்னால வெளிய வர முடியாது."

நர்ஸ் புதுப் பாரத்தை நகர்த்தினாள். பழக்க தோஷத்தில், "கணவர் கையெழுத்து" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அது இல்லாம முடியாதா?"

"விதியில அப்படி ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு வழக்கம்."

மருமகள் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். அப்பா வைத்த பெயர், அந்த வீட்டில் இரண்டு வருடமாக யாரும் கூப்பிடாத பெயர். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மாமியார் வாசலிலேயே காத்திருந்தாள். கையில் தேநீர். "வாம்மா. நிறுத்திட்டியா?"

"போட்டுக்கிட்டு வந்திருக்கேன் அத்தை."

தேநீர் தளும்பியது. "என்னது? யாரைக் கேட்டுப் போட்டுக்கிட்டே?"

"என்னைக் கேட்டு."

"எதுக்குடி?"

மருமகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"தொத்தாம இருக்கத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.